பழைய பெட்ரோல் காரில் மிஸ்ஸிங்: காரணத்தைக் கண்டறியும் முறை

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் வழியாகக் கைக்கு ஏறும் நடுக்கம், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் தயங்கிப் பின் துள்ளி நகரும் வண்டி, சைலன்சரிலிருந்து சீராக வராமல் இடையிடையே அறுந்து வரும் ஓசை ஆகிய மூன்றும் சேர்ந்து தென்பட்டால், இன்ஜினின் ஏதோ ஒரு சிலிண்டர் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று கொள்ளலாம். பட்டறைகளில் இதை மிஸ்ஸிங் என்பார்கள். சிலிண்டருக்குள் சென்ற பெட்ரோலும் காற்றும் உரிய நேரத்தில் எரியாமலோ, அரைகுறையாக எரிந்தோ வெளியேறுவதே அங்கு நடப்பது. பழைய கார் வாங்குவோருக்கு இதில் உள்ள சங்கடம் என்னவென்றால், பெட்ரோலைப் பற்றவைக்கும் சில நூறு ரூபாய் பிளக்கை மாற்றினால் தீரக்கூடிய கோளாறும், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கிப் பெருஞ்செலவு செய்தால் மட்டுமே தீரக்கூடிய கோளாறும் வெளியிலிருந்து பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

முதலில் பிளக், சரியாகாவிட்டால் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில், அதுவும் பயன்படாவிட்டால் பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டரின் சுத்தம், பிறகு ஒரு சென்சார் என்று ஊகத்தின் பேரில் பாகங்களை மாற்றிக்கொண்டே போவதுதான் நடைமுறையில் பெரும்பாலும் நிகழ்கிறது. மிஸ்ஸிங் எந்த நிலையில் வருகிறது, எந்தச் சிலிண்டரில் வருகிறது, அந்தச் சிலிண்டருக்குப் பொறி, பெட்ரோல், காற்று, அமுக்கம் (பிஸ்டன் கலவையை நெருக்கும் அழுத்தம்) ஆகியவற்றில் எது கிடைக்கவில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் இதே வரிசையில் விடை கிடைக்கும்வரை ஒரு பாகத்தையும் வாங்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. இங்கு சொல்லப்படுபவை அனைத்தும் பெட்ரோல் இன்ஜினுக்கும், அதனோடு கேஸ் கிட் பொருத்திய வண்டிகளுக்கும் உரியவை. டீசல் இன்ஜினில் பொறியே கிடையாது என்பதால் அதன் வழி வேறு.

மிஸ்ஸிங்தானா என்று உறுதிசெய்தல்

மூன்று சிலிண்டர் இன்ஜின் உள்ள சிறிய கார்கள் ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, சற்று நடுங்குவது அவற்றின் இயல்பு. ஆல்டோ, க்விட் போன்றவற்றை முதன்முறையாக ஓட்டிப் பார்க்கும் ஒருவர், அதற்குமுன் நான்கு சிலிண்டர் கார் ஓட்டிப் பழகியவராக இருந்தால், நல்ல இன்ஜினையே பழுதானது என்று எண்ணிவிடக்கூடும். இயல்பான நடுக்கம் ஒரே தாளத்தில் இருக்கும். மிஸ்ஸிங்கில் தாளம் தவறும். இன்ஜின் மவுண்ட் ரப்பர் நைந்துபோன வண்டியிலும் நடுக்கம் கூடும், ஆனால் சைலன்சர் ஓசை சீராகவே இருக்கும். முதல் கியரில் கிளட்சை விடும்போது மட்டும் வண்டி உதறினால் அது கிளட்ச் பிளேட்டின் கோளாறு. 80 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் ஆடினால் வீல் பேலன்சிங் பார்க்க வேண்டும். ஐயம் தீராவிட்டால் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் எண்ணிக்கை) மெதுவாக 1,500, 2,000, 2,500 என்று ஏற்றிப் பாருங்கள். நின்ற இடத்திலேயே அதிர்வு தொடர்ந்தால் கோளாறு இன்ஜின் பக்கம் இருக்கிறது என்பது உறுதி. ஆனால் நியூட்ரலில் அதிர்வு இல்லை என்பதாலேயே இன்ஜினில் குறையில்லை என்று முடிவுகட்ட இயலாது. சுமை ஏறினால் மட்டுமே தலைகாட்டும் மிஸ்ஸிங்கும் உண்டு.

எந்த நிலையில் வருகிறது

இந்தக் கேள்விக்குச் செலவே இல்லை, ஆனால் பாதிக் காரணத்தை இதுவே காட்டிக்கொடுத்துவிடும். வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே விற்பவரிடம், "நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருங்கள், சார்" என்று சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் தெரியும் குறைகளை மறைக்க, ஆள் வருவதற்குள் இன்ஜினைச் சூடாக்கி வைப்பது தரகர்கள் சிலரின் வழக்கம். பானட்டைத் தொட்டுப் பார்த்து இதைக் கண்டுகொள்ளலாம் என்றாலும், சென்னை வெயிலில் நிற்கும் வண்டியின் பானட் எப்போதும் சுடும் என்பதால் அந்தச் சோதனையை நம்ப முடியாது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் கையிலிருந்தால், ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் வெப்பத்தையும், இன்ஜினுக்குள் செல்லும் காற்றின் வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். இரவு முழுதும் நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். காற்று 32 டிகிரியும் கூலண்ட் 65 டிகிரியும் காட்டினால், சற்றுமுன் யாரோ ஓட்டியிருக்கிறார்கள்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நிமிடம் மட்டும் தடுமாறிப் பின் சீராகும் வண்டியில், வால்வில் படிந்த கரி, சொட்டும் இன்ஜெக்டர், அல்லது இரவில் ஹெட்டுக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட் வழியாகச் சிலிண்டருக்குள் கசிந்த கூலண்ட் ஆகியவற்றை ஐயப்பட வேண்டும். இவற்றில் கடைசியானதுதான் கவலைக்குரியது. மார்கழி விடியலில் சைலன்சரில் சிறிது நீராவி வருவது இயல்பே. ஆனால் பகல் வெயிலில், இன்ஜின் சூடான பின்பும் வெண்புகை தொடர்ந்து வந்து, ரிசர்வாயரில் கூலண்டும் குறைந்துகொண்டே போனால், அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

மாறாக, குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, அரைமணி நேரம் போக்குவரத்து நெரிசலில் ஏசியோடு நின்றபின் தடுமாறத் தொடங்கும் வண்டியில் காயிலையோ, இன்ஜின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரையோ முதலில் ஐயப்படலாம். சூடேறினால் காயிலின் உட்சுற்றில் உள்ள பூச்சு விரிசல் வழியாக மின்சாரம் கசியும். குளிர்ந்ததும் கோளாறு மறைந்துவிடும். பட்டறைக்குக் கொண்டுபோய் நிறுத்தியவுடன் வண்டி ஒழுங்காக ஓடி நம்மைப் பொய்யராக்குவது இந்த வகைதான். ஆகவே சோதனை ஓட்டத்தைக் காலியான தெருவில் ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளாமல், கோயம்பேடு பக்கமோ கிண்டி பக்கமோ மாலை நெரிசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். விற்பவருக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் கேட்கத்தான் வேண்டும்.

மழை நாளில் மட்டும் வரும் மிஸ்ஸிங் பிளக் வயர், காயில் பூட் (காயிலைப் பிளக்கோடு இணைக்கும் ரப்பர் உறை), பிளக் குழி ஆகியவற்றில் ஈரம் சேர்வதால் வருவது. வாட்டர் வாஷில் இன்ஜின் மேல் வேகமாகத் தண்ணீர் அடித்த மறுநாள் வருவதும் இதே வகையைச் சேர்ந்தது.

சுமை ஏறும்போது வரும் மிஸ்ஸிங்கைப் பிடிக்க மேடு தேவை. சென்னையோ சமதளம், நமக்கு வாய்த்த மேடுகள் மேம்பாலங்கள்தான். கத்திப்பாரா, பாடி, மதுரவாயல் மேம்பாலங்களில் ஏதேனும் ஒன்றில், பின்னால் வண்டி நெருங்கி வராத நேரம் பார்த்து, மூன்றாம் கியரில் 35 கிலோமீட்டர் அளவில் ஏறத் தொடங்கி ஆக்ஸிலரேட்டரை முக்கால் பங்கு மிதியுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பொறி தாண்டுவதற்கு அதிக வோல்ட் தேவைப்படும் என்பதால், தேய்ந்த பிளக்கும் பலவீனமான காயிலும் இந்த இடத்தில்தான் தோற்கும். பெட்ரோல் பம்ப் வலுவிழந்திருந்தாலும் இங்கேயே தெரியும். ஆனால் அதில் தடதடப்பைவிட, வண்டி இழுக்காமல் சோர்ந்துபோவதே மிகுதியாக இருக்கும்.

கேஸ் கிட் உள்ள வண்டியானால் இன்னும் எளிதான ஒரு சோதனை உண்டு. பெட்ரோலில் ஒழுங்காக ஓடிக் கேஸில் மட்டும் மிஸ் ஆனால், கேஸ் இன்ஜெக்டர், ரெகுலேட்டர், ஃபில்டர் ஆகியவற்றையும், பிளக் இடைவெளியையும் பார்க்க வேண்டும். சிஎன்ஜி கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட வலுவான பொறி தேவை என்பதால், ஓரளவு தேய்ந்த பிளக் பெட்ரோலில் சமாளித்துக் கேஸில் காலைவாரிவிடும். கேஸில் ஒழுங்காக ஓடிப் பெட்ரோலில் மட்டும் மிஸ் ஆனால் பெட்ரோல் இன்ஜெக்டரும் பம்பும்தான் குற்றவாளிகள். இரண்டிலும் மிஸ் ஆனால் பெரும்பாலும் பொறியோ அமுக்கமோ குறைகிறது.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

நம் நாட்டில் 2013 ஏப்ரலுக்குப் பின் தயாரான பிஎஸ்4 (புகை விதி) கார்களில் ஓபிடி-2, அதாவது கோளாறுகளை வண்டியே பதிவுசெய்து காட்டும் வசதி உண்டு. ஸ்டியரிங்கிற்குக் கீழே, ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகில் 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் செருகி மொபைலோடு ப்ளூடூத் வழியே இணைக்கும் சிறிய ஸ்கேனர் பெரிய விலையில்லை. பழைய கார் வாங்க நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது அதுவே என்பேன்.

முதலில் சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா என்று பாருங்கள். ஆன் செய்யும்போதே எரியாவிட்டால் விளக்கைக் கழற்றியோ மறைத்தோ வைத்திருக்கிறார்கள் என்று ஐயப்பட இடமுண்டு. அடுத்து, கோடுகள் (கோளாறைக் குறிக்கும் எண்கள்) ஒன்றும் இல்லை என்று ஸ்கேனர் சொன்னால் மகிழ்ந்துவிடக் கூடாது. காலையில்தான் அழித்திருக்கலாம். கோடுகளை அழித்தபின் ஓடிய தூரத்தைப் பல வண்டிகள் பதிவுசெய்து வைத்திருக்கும். அந்த எண் 3 கிலோமீட்டர் என்று காட்டினால் கதை விளங்கிவிடும். அதைக் காட்டாத வண்டியில் ரெடினஸ் மானிட்டர்களை, அதாவது கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் சோதனைகளின் நிலையைப் பார்க்கலாம்; அவற்றில் பல 'முடியவில்லை' என்ற நிலையில் இருந்தால் அண்மையில் கோடு அழிக்கப்பட்டது அல்லது பேட்டரி கழற்றப்பட்டது என்று பொருள்.

பி0301 முதல் பி0304 வரையான கோடுகளின் கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்பதைக் குறிக்கும். டைமிங் செயின் அல்லது பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என எண்ணுவது வழக்கம். பி0300 என்றால் மிஸ்ஸிங் ஒரு சிலிண்டரில் நிலைக்காமல் மாறி மாறி வருகிறது. அப்போது எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவானவற்றை, அதாவது பெட்ரோல் அழுத்தம், காற்றுக் கசிவு, பெட்ரோலின் தரம், வால்வ் திறந்து மூடும் நேரமான டைமிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பி0351 முதல் பி0354 வரை காயில் சுற்றையும், பி0201 முதல் பி0204 வரை இன்ஜெக்டர் சுற்றையும், பி0335, பி0340 ஆகியவை முறையே கிராங்க், கேம் சென்சார்களையும் குறிக்கும். கிராங்க் சுழற்சியில் நொடிநேரம் ஏற்படும் வேகக் குறைவை வைத்தே கம்ப்யூட்டர் மிஸ்ஸிங்கை அறிகிறது. ஆகையால், தோண்டிப் போட்ட சாலையில் குலுங்கி ஓடும்போது சக்கரத்திலிருந்து வரும் அதிர்ச்சியையும் அது தவறாக எண்ணிவிட வாய்ப்புண்டு. கோடு ஒருமுறை வந்துபோயிருந்தால் நல்ல சாலையில் மீண்டும் வருகிறதா என்று பார்த்தே நம்ப வேண்டும்.

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீட்டுக்கு ஓட்டிச் செல்லலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் குழாய் வழியே போய், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து, அதன் உட்பகுதியை உருகச் செய்துவிடும். அதன் பிறகு மிஸ்ஸிங் செலவைக் கன்வெர்ட்டர் செலவு விழுங்கிவிடும்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டறிதல்

ஸ்கேனர் இல்லாத அல்லது ஓபிடி-2 காலத்துக்கு முந்தைய வண்டியில், இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரையும் ஒருமுறை கழற்றி மாட்ட வேண்டும். நல்ல சிலிண்டரின் கனெக்டரைக் கழற்றினால் ஆர்பிஎம் உடனே சரியும், நடுக்கம் கூடும். கழற்றியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுவே ஏற்கெனவே வேலை செய்யாமலிருந்த சிலிண்டர். பல மெக்கானிக்குகள் இதற்குப் பதிலாகக் காயிலையோ பிளக் வயரையோ பிடுங்கிப் பார்ப்பார்கள். அது மூன்று வகையில் தவறு: எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போகும், பொறி செல்லும் வயரில் பல்லாயிரம் வோல்ட் இருப்பதால் கைக்கும் இதயத்துக்கும் ஆபத்து, காயிலுக்கும் கேடு. இன்ஜெக்டர் கனெக்டரில் இருப்பது 12 வோல்ட்தான்.

ரேடியேட்டர் ஃபேன் தானாகவே சுழலத் தொடங்கும் என்பதை மறக்கக் கூடாது. துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி ஆகியவற்றோடு ஓடும் இன்ஜின் மேல் குனிய வேண்டாம்.

பொறி

இன்ஜின் நன்றாகக் குளிர்ந்தபின்தான் பிளக்கைக் கழற்ற வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டில் மரை பிய்ந்துகொண்டு வரும். கழற்றும் முன் குழியிலுள்ள மண்ணைக் காற்றால் ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். கழற்றிய பிளக்குகளை அவை இருந்த வரிசையிலேயே ஒரு பழைய செய்தித்தாள் மேல் அடுக்குங்கள்.

இந்த வரிசையை ஐந்து நிமிடம் உற்றுப் பார்ப்பதில் கிடைக்கும் தகவல், அரைநாள் பட்டறையில் நிற்பதில் கிடைக்காது. நுனி இளம்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் அந்தச் சிலிண்டர் ஒழுங்காக எரிகிறது. உலர்ந்த கரிப்பொடி அப்பியிருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசையோடு கருத்திருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் வழியாக ஆயில் ஏறுகிறது. வெளிறி, வெண்கொப்புளம்போல் இருந்தால் காற்று மிகுதி அல்லது அளவுமீறிய சூடு. பெட்ரோல் வாடையோடு நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் வரவில்லை. மற்றவை கருத்திருக்க ஒன்று மட்டும் நீரால் கழுவியதுபோல் பளிச்சென்று சுத்தமாக இருந்தால், மகிழ வேண்டாம்: அந்தச் சிலிண்டருக்குள் கூலண்ட் நுழைந்து ஆவியாகிக் கழுவியிருக்கக்கூடும். பீங்கான் பகுதியில் மேலிருந்து கீழாகப் பென்சில் கோடுபோல் ஒரு கருங்கோடு ஓடினால், பொறி உள்ளே தாண்டாமல் வெளிப்பக்கமாகக் கசிந்திருக்கிறது. அந்தப் பிளக்கோடு அதன் ரப்பர் உறையையும் மாற்ற வேண்டும், பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய உறையின் கரிக்கோடு புதியதையும் கெடுத்துவிடும்.

பிளக் குழியில் ஆயில் தேங்கியிருப்பதைப் பழைய வண்டிகளில் அடிக்கடி காணலாம். இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங் இறுகிப் போய்க் கசிவதே காரணம். மலிவான வேலைதான், ஆனால் அதைச் செய்யாமல் காயிலை மட்டும் மாற்றினால் புதிய காயிலும் ஆயிலில் ஊறிக் கெடும். பிளக் நுனியின் இடைவெளியைக் கேஜ் கொண்டு அளந்து, வண்டியின் கையேட்டில் சொன்ன அளவோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அது 0.8 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் அமையும்.

காயிலைச் சோதிக்க இடமாற்றமே சிறந்த வழி. இரண்டாம் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்றால் அதன் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கும், மூன்றாவதின் காயிலை இரண்டாவதுக்கும் மாற்றிப் போட்டு, கோளாறுக் கோடுகளை அழித்து, ஓட்டிப் பாருங்கள். பி0302 என்பது பி0303 ஆக மாறினால் காயில்தான் கோளாறு. மாறாவிட்டால் பிளக்கை இதேபோல் இடம் மாற்றுங்கள். ஒருநேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் சோதனை பாழ். பழைய சான்ட்ரோ போல ஒரே காயில் பேக்கிலிருந்து வயர்கள் போகும் நான்கு சிலிண்டர் வண்டிகளில், ஒன்றும் நான்கும் ஒரு சுற்றிலும், இரண்டும் மூன்றும் மற்றொரு சுற்றிலும் இணைந்திருக்கும். ஒன்றும் நான்கும் சேர்ந்து மிஸ் ஆனால் காயில் பேக். ஒன்று மட்டும் மிஸ் ஆனால் வயர் அல்லது பிளக். இரவில், இருட்டில் பானட்டைத் திறந்து, ஓடும் இன்ஜினின் வயர்கள்மீது தள்ளி நின்று ஸ்ப்ரேயரால் லேசாக நீர்த் தூவினால், கசிவுள்ள இடத்தில் நீலப்பொறி தெறிப்பது கண்ணுக்கே தெரியும்.

மாற்றுப் பாகம் வாங்கும்போது விலைக்காக ஏமாறக் கூடாது. பழைய பாகச் சந்தையான புதுப்பேட்டையில் கழற்றிய காயில் மலிவாகக் கிடைக்கும். சோதித்துப் பார்ப்பதற்கு அது போதும், நெடுநாள் ஓட்டுவதற்கு அது எத்தனை வெயில் கண்டது என்று யாராலும் சொல்ல முடியாது. பெயர்பெற்ற பிளக்குகளின் போலிகளும் சந்தையில் உலவுகின்றன என்பதால் பில் தரும் கடையில் வாங்குவதே நல்லது. புதிய பிளக்கை முதலில் கையால் மட்டுமே திருகி, மரை சரியாகப் பிடித்ததை உறுதிசெய்து, கையால் இறுகியபின் கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் ஸ்பேனரால் இறுக்குங்கள்.

எலியும் வெள்ளமும்

பொறி வரவில்லை, ஆனால் காயிலும் பிளக்கும் நன்றாக உள்ளன என்றால் வயரிங்கைப் பார்க்க வேண்டும். அடுக்குமாடிகளின் தரைத்தள நிறுத்துமிடங்களில் எலியும் பெருச்சாளியும் செய்யும் சேதம் நம் ஊரில் தனிக்கதை. இன்ஜெக்டருக்கும் காயிலுக்கும் செல்லும் மெல்லிய வயர்களை அவை கடித்து வைத்திருக்கும். மேலே சுற்றிய டேப்பைப் பிரித்தால்தான் தெரியும். வயரிங்கில் ஆங்காங்கே புதிய கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி இதைவிடத் தொல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற பகுதிகளில் எண்ணற்ற கார்கள் நீரில் நின்றன. அவற்றில் ஒரு பகுதி துடைத்து மெருகேற்றி விற்பனைக்கு வராமலா இருந்திருக்கும்? சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல், கனெக்டர் பின்களில் பச்சைப் பூப்பு ஆகியவை மற்ற தடயங்கள். இப்படிப்பட்ட வண்டியில் மிஸ்ஸிங் இன்று ஒரு சிலிண்டரிலும் நாளை வேறொரு சிலிண்டரிலும் வரும். எத்தனை பாகம் மாற்றினாலும் தீராது. பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் எனக் கடலோரத்தில் பல ஆண்டு நின்ற வண்டிகளில் எர்த் இணைப்புகள் உப்புக்காற்றில் அரித்துப்போவதும் இதேபோல் குழப்பும், ஆனால் அவற்றைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெட்ரோலும் காற்றும்

பொறி சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஃப்யூயல் ட்ரிம். காற்றுக்கேற்பப் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை இந்த எண் சதவீதத்தில் காட்டும். நீண்டகால ட்ரிம் பூச்சியத்தை ஒட்டி, 5 சதவீதம் கூடவோ குறையவோ இருந்தால் நலம். 10 வரை பொறுக்கலாம். ஐடிலிங்கில் 18 என்று காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் 4 ஆக இறங்கினால், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டின் பேக்கிங் அல்லது ஏதோ வேக்குவம் ஹோஸ் வழியே கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஐடிலிங்கில் உறிஞ்சும் காற்று குறைவு என்பதால் கசிவின் பங்கு அப்போது பெரிதாகத் தெரியும். மாறாக, ஐடிலிங்கில் 3 ஆக இருந்து மேம்பாலம் ஏறுகையில் 15ஐத் தாண்டினால் பெட்ரோல் போதவில்லை: பம்ப், ஃபில்டர், அல்லது அடைத்த இன்ஜெக்டர். இந்த ஒரு ஒப்பீட்டைச் செய்யத் தெரிந்தவர் த்ராட்டில் பாடி சுத்தம், இன்ஜெக்டர் சுத்தம் என்று தேவையில்லாத பில் கட்ட மாட்டார்.

இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைச் சோதிக்க நம் ஊர் வசதியான இடம். கடல்மட்டத்தில் இருப்பதால், இன்ஜின் ஓடாமல் சாவி ஆன் நிலையில் அது 100 கிலோபாஸ்கல் அருகில் காட்ட வேண்டும். சூடான இன்ஜின் ஏசி இல்லாமல் ஐடிலிங்கில் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 30 முதல் 40 வரை இருக்கும். 50ஐத் தாண்டினால் காற்றுக் கசிவையோ அமுக்கக் குறைவையோ தேட வேண்டும். கசிவைத் தேடக் கார்புரேட்டர் க்ளீனரை அடிக்கும் வழக்கம் தீ விபத்துக்கு வழி. சோப்புநீரை ஹோஸ்களின் மூட்டுகளில் தூவி, ஐடிலிங் ஓசை மாறும் இடத்தைக் கவனிப்பதே போதும்.

இன்ஜெக்டர் திறந்து மூடுவதை, நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன்மேல் வைத்து, பிடியைக் காதருகே வைத்துக் கேட்கலாம். டிக் டிக் ஓசை எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்ரோலின் தரமும் இதில் சேரும். இப்போது விற்பனையாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் அளவுமீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியே தங்கும். பம்ப் உறிஞ்சுவதோ அடியிலிருந்துதான். ஆகவே மாதக்கணக்கில் நின்ற வண்டியில் எல்லாச் சிலிண்டரும் தடுமாறினால், டேங்கின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலை மெக்கானிக்கைக் கொண்டு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்து, இரண்டு அடுக்காகப் பிரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

அமுக்கம்

மேற்சொன்ன எதிலும் குறை தெரியாமல் ஒரே சிலிண்டர் தொடர்ந்து மிஸ் ஆனால், கம்ப்ரஷன், அதாவது அமுக்கம், பார்க்காமல் வண்டிக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது. அதற்குமுன் ஒரு பழைய சோதனை: ஐடிலிங்கில் சைலன்சர் வாயருகே ஒரு காகிதத் துண்டைப் பிடியுங்கள். சீராக வெளியே தள்ளினால் நன்று. இடையிடையே உள்ளே இழுத்தால் எக்ஸாஸ்ட் வால்வ் எரிந்திருக்க வாய்ப்புண்டு. இது சான்று ஆகாது, ஆனால் கம்ப்ரஷன் கேஜைத் தேடிப்போகப் போதுமான காரணம்.

கேஜ் வைக்கும்போது எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலையும் பொறியையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்த நிலையில், நல்ல பேட்டரியோடு ஸ்டார்ட்டரைச் சில சுற்றுகள் சுழற்ற வேண்டும். பொதுவாகப் பெட்ரோல் இன்ஜினில் 10 முதல் 14 பார், அதாவது ஏறத்தாழ 150 முதல் 200 பிஎஸ்ஐ கிடைக்கும். மொத்த எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடே முக்கியம். மற்றவை 180 காட்டி ஒன்று மட்டும் 110 காட்டினால் அங்கே பழுது. அந்தப் பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மீண்டும் அளந்தால், எண் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் ஒன்றாகக் குறைந்திருந்தால் அவற்றின் நடுவே கேஸ்கெட் போய்விட்டது. நெடுநாள் கேஸில் ஓடிய வண்டிகளில் வால்வ் சீட் தேய்ந்து, வால்வை அமுக்கும் டேப்பெட்டின் இடைவெளி இறுகி, வால்வ் முழுதாக மூடாமலிருப்பது உண்டு. அப்போது முதலில் டேப்பெட் அட்ஜஸ்ட்மென்ட் செய்து மீண்டும் அளக்கச் சொல்லுங்கள், சில வேளைகளில் ஹெட்டை இறக்காமலே பிழைத்துக்கொள்ளும்.

வாங்குபவரின் பக்கமிருந்து சொன்னால், பொறியும் பெட்ரோலும் காற்றும் பேரம் பேசுவதற்கான குறைகள். அமுக்கக் குறைவு வண்டியை வேண்டாம் என்று சொல்வதற்கான குறை. விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும், ஹெட்டைத் திறந்தபின் உள்ளே என்னென்ன தென்படும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் இயலாது.

பழுது நீக்கியபின் கோளாறுக் கோடுகளை அழித்து, மிஸ்ஸிங் எந்த நிலையில் முதலில் வந்ததோ அதே நிலையை மீண்டும் உண்டாக்கி ஓட்டிப் பாருங்கள்: சூட்டில் வந்ததானால் நெரிசலில், சுமையில் வந்ததானால் மேம்பாலத்தில். சில நாள் ஓடியபின் ட்ரிம் பூச்சியத்தை ஒட்டித் திரும்பியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள்: நாள்கணக்கில் மிஸ் ஆன சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலந்திருக்கும். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வீசினாலோ, ஆயில் மட்டம் முன்பைவிட ஏறியிருந்தாலோ, கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றிவிட வேண்டும்.